மூன்று இருக்கைக்காரர்

முசெம்பி வாயைத் திறந்தால் தைரியத்தைப் பற்றித்தான் பேசுவார். நைரோபியில் அதுதான் அவருக்குச் சோறு போட்டது. வங்கி ஊழியர்கள், காப்பீட்டு முகவர்கள், மருந்து விற்கிறவர்கள் என்று யாரையாவது ஒரு குளிர்ந்த கூடத்தில் அடைத்து வைத்து, மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் இவரை மேடையேற்றுவார்கள். இவர் கழுத்துப் பட்டையைத் தளர்த்திக்கொண்டு தரையில் சுண்ணக்கட்டியால் ஒரு வட்டம் வரைவார். அதற்குள் நின்று, "இதுதான் நீங்க. சொகுசா இருக்கு இல்ல? இதுக்குள்ளயே கெடந்து இதுக்குள்ளயே சாகப்போறீங்க" என்பார். பிறகு ஒரே தாவாக வெளியே தாவி, "வெளிய வாங்க!" என்று கத்துவார். எல்லாரும் கை தட்டிவிட்டுச் சாப்பிடப் போவார்கள். கூட்டிப் பெருக்குகிற அம்மாள் வந்து முணுமுணுத்துக்கொண்டே வட்டத்தைத் துடைப்பாள்.

பிழைப்பு நன்றாகத்தான் ஓடியது. ஒரு நாள் முன்வரிசையில் இருந்த பெண் ஒருத்தி எழுந்து, "ஐயா, நீங்க எந்த ஊருக்குத் தனியாப் போயிருக்கீங்க?" என்று கேட்டுவிட்டாள். முசெம்பி ஒரே ஒரு தடவை கம்பாலாவுக்குப் போயிருந்தார். அதுவும் மச்சானுடைய காரில், மச்சானோடு, மனைவி சுருட்டிக் கொடுத்த சப்பாத்தியோடு. இதை மேடையில் சொல்ல முடியுமா? இருமினார், தண்ணீர் குடித்தார், அடுத்த கேள்வி என்றார். அடுத்த கேள்வி வரவில்லை. அந்தக் கேள்வியே கூடத்தில் நின்றுகொண்டிருந்தது.

அதனால்தான் மொழி தெரியாத, ஆள் தெரியாத செனகலுக்குத் தன்னந்தனியாகப் புறப்பட்டார். கண்டத்தின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு. போகிற வழியெல்லாம் போனைக் கையில் நீட்டிப் பிடித்து, ஊரில் இருக்கிறவர்களுக்குத் தன் வீரத்தை ஒளிபரப்பினார். டாக்கரில் தங்கியிருந்த நாட்களில் அவர் வெளியே வந்தது குறைவு. விடுதி மாடியில் நின்று, கீழே தெருவில் போகிறவர்களைப் படம் பிடித்து, "நான் இப்போ இந்த மக்களோட மக்களா இருக்கேன்" என்றார். அந்த மக்கள் அண்ணாந்து பார்த்துவிட்டுத் தங்கள் வேலையைப் பார்க்கப் போனார்கள்.

எவ்வளவு உள்ளே போகிறோமோ அவ்வளவு கைதட்டல் என்று கணக்குப் போட்டு, கிழக்கே தாம்பாகுண்டா வரை போவதென்று முடிவு செய்தார். அப்படித்தான் ஒரு விடியற்காலையில் கவ்லாக் ஊரின் கார் நிலையத்துக்கு வந்து சேர்ந்தார்.

அங்கே ஏழு பேர் கார்கள் நிற்கும். ஏழு பேர் சேராமல் எந்தக் காரும் கிளம்பாது. முதலில் வந்தவருக்கு முன் இருக்கை, பிறகு நடு வரிசை, கடைசியாக வருகிறவர்களுக்குச் சக்கரத்துக்கு மேலே இருக்கிற பின் வரிசை. பின் வரிசையில் உட்கார்ந்தால் முழங்கால் மோவாயை இடிக்கும், தலை கூரையை இடிக்கும். ராஜாவாக இருந்தாலும் பிந்தி வந்தால் அங்கேதான்.

தாம்பாகுண்டாவை அங்கே தாம்பா என்றுதான் சொல்வார்கள். தாம்பா போகிற காரில் நாலு பேர் சேர்ந்திருந்தார்கள். பாங்கு சொல்வதற்கு முன்பே வந்தவர்கள். முன்னால் விடுப்பில் போகிற ஒரு படைவீரன். நடுவில் தாபரா ஜாரா என்ற வெங்காய வியாபாரி அம்மாள், நல்ல கனத்த உடம்பு. அவளுக்கு அந்தப் பக்கம் வாய் பேசாத ஒல்லியான கல்லூரிப் பெண். இந்தப் பக்கம் உசைனு என்ற தையல்காரர். உசைனு காம்பியாக்காரர் என்பதால் ஆங்கிலமும் தெரியும், இவர்கள் பேச்சும் தெரியும். டிரைவர் டெம்பா ட்ராவோரே கார் கதவில் சாய்ந்து மிளகு போட்ட காப்பியைக் குடித்தபடி, "தாம்பா! இன்னும் மூணே பேர்! தாம்பா!" என்று காற்றைப் பார்த்துக் கூவிக்கொண்டிருந்தார்.

முசெம்பி பின் வரிசையைக் குனிந்து பார்த்தார். முகம் சுருங்கியது. தன் முதுகைத் தடவிக்கொண்டார். பிறகு டிக்கெட் கொடுக்கிறவரிடம் போய், மிச்சமிருந்த மூன்று இருக்கையையும் தானே வாங்கிவிட்டார். வட்டத்தை விட்டு வெளியே வந்தவர், காருக்குள் ஒரு வட்டத்தை விலைக்கு வாங்கிக்கொண்டார்.

ஆனால் அங்கே நடந்தது வேறு. டெம்பா காப்பியைக் கீழே ஊற்றிவிட்டு ஓடிவந்தார். தாபரா இரண்டு கையையும் ஏந்திச் சத்தமாக வேண்டிக்கொண்டாள். படைவீரன் இறங்கி வந்து முசெம்பியின் கையைப் பிடித்துக் குலுக்கினான். காரணம் எளிது. காலியாகக் கிடக்கிற இருக்கைகளை ஒருவர் வாங்கிவிட்டால் மற்றவர்கள் வெயிலில் காயாமல் உடனே கிளம்பலாம். அங்கே அது தருமக் கணக்கு. அப்படி வாங்கிய இருக்கை அப்புறம் வாங்கினவருடையது இல்லை. அது வழியில் நிற்கிறவருடையது. இதை அங்கே யாரும் யாருக்கும் சொல்வதில்லை. மழை மேலேயிருந்து கீழே விழும் என்று யாருக்கு யார் சொல்கிறார்கள்?

"என்ன சொல்றாங்க?" என்று கேட்டார் முசெம்பி.

"உங்களுக்காக வேண்டிக்கிறாங்க. பெரிய மனசுக்காரர், அந்நிய ஊர்லேருந்து வந்து நமக்காகச் செலவழிக்கிறார்னு" என்றார் உசைனு.

முசெம்பிக்கு விஷயம் புரிந்தது. 'இல்லைங்க, எனக்கு முதுகு வலி' என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நெஞ்சில் கை வைத்துத் தலையைச் சாய்த்து அத்தனை வாழ்த்தையும் வாங்கிக்கொண்டார். வாங்கியதோடு நிறுத்தாமல் போனை நீட்டி, "நண்பர்களே, பாருங்க, அறிமுகமே இல்லாத இந்த மக்கள் என்மேல காட்டற அன்பை!" என்று படமும் பிடித்தார். கொடுக்காத தருமத்துக்குப் புண்ணியம் வாங்குகிறவர்களைக் கடவுள் நிறையப் பார்த்திருப்பார். படம் பிடித்து வைத்துக்கொள்கிறவர்களை இப்போதுதான் பார்க்க ஆரம்பித்திருக்கிறார்.

கார் கிளம்பியது. முசெம்பி ஒரு இருக்கையில் பையை வைத்து, ஒன்றில் காலை நீட்டி, ஒன்றில் சாய்ந்துகொண்டார். கடலை வயல்கள் பின்னால் ஓடின.

"அக்கா, நீ ஏறினதும் வண்டி ஒரு பக்கமாச் சாஞ்சு போச்சே" என்றார் டெம்பா. "ஜாரா வீட்ல ராத்திரி என்ன? ஒரு மூட்டைப் பயறா?"

"யாரைப் பாத்துடா சொல்ற, பயறு தின்னி!" தாபரா அவர் முதுகில் ஒரு குத்து விட்டாள். "உங்க ட்ராவோரே வம்சமே பயத்தங்கொடியிலதான் காய்ச்சுது. ஜன்னலைத் திற, நாத்தம் தாங்கல."

"நீங்க எல்லாம் எங்க வீட்ல பாத்திரம் தேச்சவங்க. அதை மறந்துட்டு வாய் நீளுது."

"தேச்சோமா? நீங்க பயறு தின்னதுல தேய்க்க என்ன மிச்சம் இருந்துச்சு? பானையையும் சேத்துல்ல தின்னீங்க!"

முசெம்பி பயந்துபோய், "சண்டையா? வண்டியை நிறுத்திருவாரா?" என்று உசைனுவிடம் கேட்டார்.

"சண்டையா? ஐயோ, இல்லைங்க" என்று சிரித்தார் உசைனு. "ட்ராவோரேவும் ஜாராவும் பாத்தா இப்படித்தான் ஏசிக்கணும். ஏசலைன்னாதான் மனத்தாங்கல். ஒருத்தர் என்ன திட்டினாலும் மத்தவர் கோவிச்சுக்கக் கூடாது. முன்னோர் போட்டு வச்ச ஏற்பாடு. பயறு தின்னிங்கறதுதான் இருக்கறதுலயே பெரிய வசவு. எவனும் ஒத்துக்க மாட்டான்."

தாபரா பொட்டலத்தைப் பிரித்து ரொட்டியை ஆறாகப் பிய்த்தாள். பின்னால் திரும்பி ஒரு துண்டை நீட்டினாள். முசெம்பி அவள் விரல்களைப் பார்த்தார். பிறகு தன் பையிலிருந்து காகிதம் சுற்றிய பிஸ்கட்டை எடுத்துக் காட்டி, வேண்டாம் என்று கையை ஆட்டினார். "வயிறு சரியில்லை போல, பாவம்" என்று தாபரா அந்தத் துண்டைக் கல்லூரிப் பெண்ணிடம் கொடுத்தாள்.

பாதி வழிக்கு மேல் போயிருக்கும். சாலையோரத்தில் முன்மூடியைத் தூக்கி வைத்த ஒரு கார் நின்றது. பக்கத்து வேப்பமரத்தடியில் ஒரு அம்மாள். கஞ்சி போட்டு மொடமொடவென்று நின்ற நீல உடுப்பு. கையில் ஒரு துணி மூட்டை, இன்னொரு கையில் கழற்றிய செருப்பு. கார் வருவதைப் பார்த்ததும் சாலைக்கு நடுவிலேயே வந்து நின்றுவிட்டாள்.

டெம்பா நிறுத்தினார். "எங்கம்மா போகணும்?"

"தாம்பாவுக்குப்பா. வண்டி கெட்டுப்போச்சு. கூட வந்தவங்க எல்லாம் கெடைச்ச வண்டியில தொத்திக்கிட்டுப் போயிட்டாங்க. எனக்குத் தொத்தத் தெரியலை. இடம் இருக்காப்பா?"

டிரைவர் வாயைத் திறக்குமுன் தாபரா திறந்துவிட்டாள். "இருக்கே! பின்னாடி ரெண்டு சீட் சும்மாக் கெடக்கு. எங்க விருந்தாளி தருமமா வாங்கினது. ஏறு ஏறு. உசைனு, எறங்கி வழி விடு."

உசைனு இறங்கி நடு இருக்கையை மடக்கினார். அம்மாள் மூட்டையோடு குனிந்தாள். முசெம்பியின் நீட்டிய கால் அப்படியே இருந்தது.

"இது என் சீட்" என்றார் முசெம்பி.

"ஆமா, உங்க சீட்தான். அதுலதான் இந்தம்மா உக்காரப் போறாங்க."

"இல்லை, புரிஞ்சுக்கங்க. மூணும் என்னுது. மூணுக்கும் பணம் கொடுத்திருக்கேன்."

"கொடுத்திருக்கீங்க. அதனாலதானே காலியா இருக்கு?"

"நான் காலை நீட்டணும். எனக்கு முதுகு வலி. அதுக்குத்தான் வாங்கினேன்."

உசைனு இதை மற்றவர்களுக்குச் சொன்னார். காருக்குள் யாருக்கும் விளங்கவில்லை. தாபரா உசைனுவை முறைத்தாள். "நீ சரியாக் கேட்டியா? தைக்கறவன், காதுல நூல் கீல் அடைச்சிருக்கப்போவுது. இன்னொரு தடவை கேளு."

இன்னொரு தடவை கேட்டார். முசெம்பி நிமிர்ந்து உட்கார்ந்தார். இப்படிப்பட்ட சமயத்துக்கென்றே அவரிடம் ஒரு உரை இருந்தது. "மத்தவங்க சங்கடப்படுவாங்கன்னு 'சரி சரி'ன்னு தலையாட்டறது கோழைத்தனம். முடியாதுன்னு சொல்லப் பழகணும். அதுவும் ஒரு தைரியம்தான்" என்றார். நைரோபியில் இந்த வாக்கியத்துக்கு எப்போதும் கைதட்டல் உண்டு. இங்கே ஒரு ஆடு மட்டும் எங்கோ கத்தியது.

"அம்மா, நீங்க அவசரமாப் போகணுமா?" என்று கேட்டான் படைவீரன்.

அந்த அம்மாளின் பெயர் ஜெய்னபா. அவள் காருக்கு வெளியே நின்றபடியே சொன்னாள். "என் பையன் இப்ராவோட பொண்ணுக்கு இன்னைக்குப் பேரு வைக்கிறாங்க. கொல்லன் வீட்டுப் பொண்ணைக் கட்டினான்னு நான் அந்த வீட்டு வாசல்ல கால் வச்சதில்ல. கல்யாணத்துக்கும் போகல. இப்போ அந்தப் பொண்ணு, ரமத்தா, குழந்தைக்கு என் பேரைத்தான் வைக்கணும்னு நிக்கிறாளாம். என் பேரை! நேத்து வரைக்கும் போகமாட்டேன்னுதான் இருந்தேன். விடிகாலையில என்னமோ தோணிச்சு, கிளம்பிட்டேன். தலை முடி எறக்கி, இமாம் காதுல பேரைச் சொல்றதுக்குள்ள நான் அங்க இருக்கணும்பா. பேருக்கு உரியவ வரலைன்னா ஊரு என்ன சொல்லும்? கொல்லன் பேத்தி தன் பேரைச் சுமக்கறது கெழவிக்குப் பிடிக்கலைன்னு சொல்லும். அப்புறம் நான் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுப் போவேன்?"

"போன் பண்ணிச் சொல்லிரலாமே?" உசைனு தன் போனை நீட்டினார்.

"எத்தனையோ தடவை வர்றேன்னு சொல்லிட்டு வராம இருந்திருக்கேன். இனிமே நான் சொல்றதை யாரு நம்புவா?" ஆனாலும் எண்ணைச் சொன்னாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. விசேஷ வீட்டில் யார் எடுப்பார்கள்?

உசைனு இவை எல்லாவற்றையும் முசெம்பிக்கு ஆங்கிலத்தில் சொன்னார். முசெம்பி கவனமாகக் கேட்டார். அவர் மனதில் முதலில் வந்தது என்ன தெரியுமா? 'அருமையான கதை. மேடையில் சொன்னால் அழுதுவிடுவார்கள்.' காலை மட்டும் மடக்கவில்லை.

தாபரா பெருமூச்சு விட்டாள். "சரி, அவரை விடு. முதுகு வலி பொல்லாததுதான். கண்ணு, நீ அந்த ஓரமாப் போ. உசைனு, மூச்சை இழுத்துப் பிடி. ஏறும்மா, என் மடிமேல பாதி உக்காரு. கடவுள் எனக்கு இவ்வளவு பெரிய மடி கொடுத்தது வேற எதுக்கு?"

மூட்டையைப் படைவீரன் தன் மடியில் வாங்கிக்கொண்டான். மூன்று பேர் உட்காரும் இடத்தில் நாலு பேர் திணிந்தார்கள். பின்னால் மூன்று பேர் இடத்தில் ஒரு வீரர் சாய்ந்திருந்தார்.

இதையும் மிஞ்சுகிற ஒன்று நடந்தது. கொஞ்ச தூரம் போனதும் ஜெய்னபா மூட்டையை வாங்கி அவிழ்த்து ஒரு தகர டப்பாவை எடுத்தாள். குழந்தை உடம்பில் தடவக் கொண்டுபோகும் மரக்கொட்டை வெண்ணெய். கஷ்டப்பட்டுத் திரும்பி அதைப் பின்னால் நீட்டினாள். "தம்பி, முதுகுல தடவிக்கோ. நானே காய்ச்சினது. சூடு பறக்கத் தேச்சா வலி விட்டுரும்."

அவள் கேலி செய்யவில்லை. உண்மையாகவே வலி என்று நம்பினாள். முசெம்பி அதை வாங்கிக்கொண்டார். ஆமாம், வாங்கிக்கொண்டார். டப்பாவை என்ன செய்வதென்று தெரியாமல் தொடையில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்தார். முதன்முதலாக அவருக்குப் பின் வரிசை கொஞ்சம் அகலமாகத் தெரிந்தது. வேண்டியதற்கு மேல் அகலமாக.

அடுத்த சோதனைச் சாவடியில் காவலர் ஒருவர் கையைக் காட்டினார். குனிந்து உள்ளே பார்த்தார். முன்னும் பின்னும் திரும்பத் திரும்பப் பார்த்தார்.

"மூணு பேர் சீட்ல நாலு பேர். மூணு பேர் சீட்ல ஒருத்தர். என்னய்யா இது, கூட்டல் தெரியாதா உனக்கு?"

"சார், பின்னால இருக்கறவருக்கு உடம்பு முடியல" என்றார் டெம்பா.

காவலர் முசெம்பியைப் பார்த்தார். அப்போது முசெம்பியின் வாயில் பிஸ்கட் இருந்தது.

"உடம்பு முடியல. சரி. வண்டியை ஓரங்கட்டு, பேப்பரை எடு. நெருக்கி ஏத்தினதுக்கு எழுதணும்." வண்டிப் பத்திரங்களை வாங்கிக்கொண்டு கொட்டகைக்குள் போய்விட்டார்.

முசெம்பி காத்திருந்தார். யாராவது தன்னைச் சுட்டிக்காட்டுவார்கள், 'இந்த ஆளால்தான்' என்று கத்துவார்கள் என்று எதிர்பார்த்தார். அதற்குப் பதிலும் யோசித்து வைத்திருந்தார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. விருந்தாளியைக் காட்டிக்கொடுப்பதா? வெயில் மட்டும் ஏறிக்கொண்டிருந்தது. ஜெய்னபா செருப்பைக் கையில் எடுத்தாள்.

"என்னாலதானே இது? நான் எறங்கிக்கிறேன். நீங்க போங்கப்பா. நான் நடந்துக்கிறேன்."

"நடந்தா? அந்தக் குழந்தை கல்யாணத்துக்குத்தான் போய்ச் சேருவ. உக்காரு." தாபரா அவள் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள். பிறகு முழு உடம்பையும் திருப்பி முசெம்பியைப் பார்த்தாள். "உசைனு, இவரோட குடும்பப் பேர் என்ன?"

"முசெம்பி."

"அது எனக்கு என்ன உறவு?"

"ஒரு உறவும் இல்லக்கா."

"அதான் தொண்டையில நிக்குது. உறவு இல்லாதவனை எப்படித் திட்டறது? பாவம் சேருமே. சொல்லு அவர்கிட்ட, இன்னையிலேருந்து நீ ட்ராவோரே. தாபரா ஜாரா பேரு கொடுத்துட்டா."

உசைனு சொன்னதும் முசெம்பியின் முகம் மலர்ந்தது. தனக்குப் பட்டம் கட்டுகிறார்கள் என்று நினைத்துவிட்டார். போனை எடுத்துத் தன் முகத்துக்கு நேராகப் பிடித்து, "நண்பர்களே, இந்த மக்கள் எனக்கு அவங்க குடும்பப் பேரையே கொடுத்துட்டாங்க..." என்று ஆரம்பித்தார்.

"இப்போ கேளுடா, பயறு தின்னி!" என்றாள் தாபரா. கூரை அதிர்ந்தது. "மூணு சீட்டு கேக்குதா உனக்கு? தின்ன பயறு ஊதி ஊதி ஒரு சீட்டு போதலையா? ட்ராவோரே எல்லாம் எங்க வீட்டுக் கொல்லையில நின்னு சாப்பிட்ட பசங்க. நீ காலை நீட்டிப் படுக்கறியா? எழுந்திருடா பயறு தின்னி!"

உசைனு ஒவ்வொரு வார்த்தையாக மொழிபெயர்த்தார். அவருக்கும் ரொம்ப நேரமாகத் திட்டவேண்டும் போல இருந்ததோ என்னவோ, ஆங்கிலத்தில் இரண்டு வார்த்தை கூடவே விழுந்தது. முசெம்பி வசவின் மற்ற பகுதிகளைச் சரியாகப் பிடிக்கவில்லை. உசைனு வழியில் சொல்லியிருந்ததும் ஞாபகத்தில் இல்லை. பயறு மட்டும் பிடிபட்டது.

"பயறா?" என்றார். "ஆமா, எங்க ஊர்ல தினம் பயறுதான். சோளமும் பயறும் சேத்து வேக வைப்போம். காலையில அது, ராத்திரியும் அதுதான். எனக்கு உசிரு. எங்கம்மா செய்யற மாதிரி எவளாலயும் செய்ய முடியாது."

உசைனு அதை ஒரு வார்த்தை விடாமல் மொழிபெயர்த்தார்.

அப்புறம் கார் குலுங்கியது. டெம்பா தலையில் அடித்துக்கொண்டு கீழே இறங்கிச் சாலையில் குந்திவிட்டார். "தன் வாயாலயே ஒத்துக்கிட்டான்! எங்க பாட்டன் பூட்டன் எவனும் ஒத்துக்கலையே! வந்த அன்னைக்கே வம்சத்தை வித்துட்டானே!" படைவீரன் கண்ணீர் வரச் சிரித்தான். அதுவரை வாய் திறக்காத கல்லூரிப் பெண் முக்காட்டைக் கடித்துக்கொண்டு குலுங்கினாள். சத்தம் கேட்டுக் காவலர் வெளியே வந்து, விஷயத்தைக் கேட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டார்.

முசெம்பிக்கு எதற்குச் சிரிக்கிறார்கள் என்று முழுதாக விளங்கவில்லை. ஆனால் அந்தச் சிரிப்பு யாரையும் வெளியே நிற்க விடாத சிரிப்பு. அவரும் சிரித்துவிட்டார். போன் நழுவிக் காலடியில் விழுந்தது. அவர் எடுக்கவில்லை.

தாபரா கண்ணைத் துடைத்துக்கொண்டு மெதுவான குரலில் கேட்டாள். "அம்மா செய்யற பயறாம். உங்கம்மா இந்த ரோட்டுல செருப்பைக் கையில வச்சுக்கிட்டு நின்னா, எந்தப் பயறு தின்னி ஏத்துவான்?"

உசைனு இதைச் சிரிக்காமல் சொன்னார்.

முசெம்பி பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். காலை மடக்கினார். முழங்கால் மோவாய்க்கு வந்தது, தலை கூரையில் இடித்தது. ஜெய்னபா பின்னால் வந்து உட்கார்ந்தாள். இதை வீரம் என்று யாரும் எழுதிவைக்க வேண்டாம். ஒரு மனிதர் ஒரு பையை இடம் மாற்றினார், அவ்வளவுதான். அதுவும் திட்டு வாங்கி. இருந்தாலும், பெரிய பேச்சுக்குத் திறக்காத கதவு ஒரு கேலிக்குத் திறந்துகொள்வதைப் பார்க்கும்போது, கடவுள் எந்தச் சாவியையும் வீணாகச் செய்யவில்லை என்று தோன்றுகிறது.

காவலர் பத்திரங்களைத் திருப்பிக் கொடுத்தார். "இப்போ கணக்குச் சரியா இருக்கு. போங்க. பேர் வைக்கற வீட்ல என் வாழ்த்தையும் சொல்லுங்க."

ஆனால் போன நேரம் போனதுதான். தாம்பா எல்லைக்குள் நுழையும்போது நிழல்கள் காலடிக்குச் சுருங்கியிருந்தன. ஜெய்னபா உதடு அசைய எதையோ திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தாள். முசெம்பிக்கு மொழி தெரியாவிட்டாலும் அது என்னவென்று தெரிந்தது. மேடை ஏறுமுன் பேச்சை மனப்பாடம் செய்கிறவர் உதடு அப்படித்தான் அசையும். மருமகளிடம் சொல்ல வேண்டிய மன்னிப்பு.

டெம்பா நிலையத்துக்குப் போகவில்லை. யாரும் சொல்லாமலே பேர் வைக்கிற வீட்டுச் சந்துக்குள் திருப்பினார். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. முசெம்பியும் கேட்கவில்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

தெருவை அடைத்துப் பந்தல். பாய்களில் ஆண்கள், பெரிய அண்டாக்களில் தயிர் ஊற்றிய கம்பங்கூழ். சவரக்கத்தி ஒரு கிண்ணத்துத் தண்ணீரில் கிடந்தது. இமாம் ஜபமாலையை உருட்டிக்கொண்டு, பொறுமையிழந்தும் இழக்காததுபோல் உட்கார்ந்திருந்தார். வாசலில் நின்ற இளைஞன் காரைப் பார்த்தான். இறங்கியவளைப் பார்த்தான். கிட்டே வந்து அம்மாவின் கையிலிருந்த செருப்பை வாங்கிக்கொண்டான்.

முசெம்பியும் இறங்கினார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, தன்னைப் பற்றி யாராவது நாலு வார்த்தை சொல்வார்கள் என்று கொஞ்சம் முன்னால் போய் நின்றார். இப்ரா எல்லாருடைய கையையும் குலுக்கினான். இவருடைய கையையும் அதே அளவு குலுக்கிவிட்டு உள்ளே போனான்.

"இன்னும் பேர் வைக்கலையாம்" கூழ் அண்டாப் பக்கம் விசாரித்துவிட்டு வந்த உசைனு காதில் சொன்னார். "இமாம் குழந்தையைக் கொண்டுவான்னு கேக்கும்போதெல்லாம், ரமத்தா 'பால் குடிக்கிறா'ன்னு சொல்லி அனுப்பிருச்சாம். திரும்பத் திரும்ப அதே பதில். கொல்லன் வீட்டுக் குழந்தை துருத்தி மாதிரி இழுக்குதுன்னு எல்லாரும் கேலி பண்ணியிருக்காங்க. அதுக்கும் பேசாம இருந்திருக்கு."

"மாமியார் வர்றாங்கன்னு அவளுக்குத் தெரியுமா?"

"யாரு சொன்னா? ஒண்ணும் தெரியாது."

முசெம்பி கொஞ்சம் யோசித்தார். "அப்போ நான் இடம் கொடுத்ததாலதான் வந்து சேர்ந்தாங்கன்னு..."

"நீங்க கொடுக்கலைன்னா சாயங்காலம் ஆகியிருக்கும். அந்தப் பொண்ணு சாயங்காலம் வரைக்கும் பால் கொடுத்திருக்கும். வாங்க, தள்ளிப்போய் நிப்போம், பொம்பளைங்க வர்றாங்க."

ரமத்தா உள்ளேயிருந்து குழந்தையோடு வந்தாள். சின்னப் பெண். கண்ணுக்குக் கீழே தூக்கமில்லாத கருப்பு. நேராக ஜெய்னபாவிடம் வந்தாள். ஜெய்னபா வழியெல்லாம் சேர்த்து வைத்ததைச் சொல்ல வாயெடுத்தாள். "அம்மா, நான் உனக்கு..."

"அதெல்லாம் அப்புறம் சொல்லுங்க அத்தை. வருஷம் முழுக்க இருக்கு" என்று குழந்தையை அவள் தோளில் சாய்த்தாள் ரமத்தா. "இப்போ முதல்ல இவ முதுகைத் தட்டுங்க. ஏப்பம் விடவேயில்ல. வயிறு வெடிக்கற மாதிரி குடிச்சிருக்கா."

ஜெய்னபா தட்டினாள். இமாம் எழுந்து வந்தார். "என்ன பேரு?" என்று கேட்டார். இப்ரா ரமத்தாவைப் பார்த்தான். ரமத்தாதான் பந்தல் கடைசி வரை கேட்கும்படி சொன்னாள்.

"ஜெய்னபா."

இமாம் அந்தச் சின்னக் காதுக்குக் குனியும்போது குழந்தை ஏப்பம் விட்டது. காலையிலிருந்து குடித்ததில் பாதி கஞ்சி போட்ட நீல உடுப்பின் மேல் வழிந்தது. பந்தலே சிரித்தது. யாரோ துணி எடுத்துக்கொண்டு ஓடிவந்தார்கள். ஜெய்னபா அவர்களைத் தோளைத் தொட விடவில்லை.